எட்டரைக்கு முன்பும் நாலேகாலுக்குப் பின்பும்: வேலை பார்ப்போர் திருகோணமலையில் புகைப்படம் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலைக்கு இடமாற்றம் பெற்று வருகிற உத்தியோகத்தர்களுள் பலர் முதல் மாதத்திலேயே ஒரு கமரா வாங்கவேண்டும் என்கிறார்கள். ஆறாம் மாதத்தில் கேட்டால் வேலை விடுகிறதில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மையே. நானும் இங்கே ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பதினோராண்டுகளாக வேலை செய்கிறேன். அவற்றில் எட்டு ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். எஞ்சிய மூன்று ஆண்டுகள், நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்ததிலேயே போயின. நேரம் கிடைக்கவில்லை. ஒருநாள் காலையில் வழக்கமான பாதையை விட்டுக் கடற்கரை வீதியால் அலுவலகத்துக்குப் போனேன். அந்தச் சிறு மாற்றத்தினால்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது. ஆகவே பொழுதுபோக்குக்கென்று தனியாக நேரம் தேடாமல், ஏற்கெனவே போய்வருகிற ஏதோ ஓர் இடத்தோடு அதைக் கட்டிவிடுங்கள் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் முறை. கமரா வாங்குவது பற்றிக் கடைசியில்தான் எழுதியிருக்கிறேன். அதை முதலில் படிக்கவேண்டாம்.

முதலில் வாரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு தாளில் ஏழு நாள்களையும் எழுதி, வேலை, பயணம், பிள்ளைகளின் ரியூசன், சந்தை, கோயில், உறக்கம் ஆகியவற்றை உள்ளபடியே நிரப்புங்கள். அரச அலுவலகங்கள் காலை 8.30 மணி முதல் மாலை 4.15 வரை இயங்குகின்றன. திருகோணமலையில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.45க்கும் 6.30க்கும் இடையில் உதித்து, மாலை 5.40க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது. இந்த நான்கு நேரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புகைப்படத்துக்கு மிக நல்ல வெளிச்சம் அலுவலக நேரத்துக்கு வெளியேதான் விழுகிறது என்பது தெரியும். நடுப்பகல் வெயில் முகங்களில் கண்குழிகளைக் கருப்பாக்கி, கடலை வெளிறவைத்துவிடும். அந்த நேரத்தில் நாம் மேசைக்கு முன்னால் இருக்கிறோம் என்பதால் எதையும் இழக்கவில்லை. வேலை செய்பவருக்கு இந்த ஊர் இவ்வளவு வசதி செய்து தந்திருப்பதை நான் வெகுகாலம் கவனிக்கவே இல்லை.

கணக்குப் போட்ட தாளிலிருந்து இரண்டே இரண்டு நேரத்துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கிழமை நாள் ஒன்றில் காலை நாற்பது நிமிடம், இன்னொரு நாளில் மாலை ஒரு மணித்தியாலம். நாள்தோறும் எடுப்பேன் என்று சபதம் செய்தவர்கள் பெரும்பாலும் மூன்றாம் கிழமையில் விட்டுவிடுகிறார்கள். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் ஒருநாள் தவறிவிட்டால், சபதம் முறிந்துவிட்டது என்ற எண்ணமே அவர்களை வீட்டில் உட்கார்த்திவிடும். செவ்வாய் காலையும் வியாழன் மாலையும் என்று குறித்துக்கொண்டவருக்கு ஒரு செவ்வாய் தவறினால் அடுத்த செவ்வாய் இருக்கிறது. குறித்த நாள்களை வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடியற்காலையில் எழுந்து போகிறவரைப் பற்றி வீட்டில் எழும் கேள்விகளுக்கு எந்த நல்ல படமும் பதிலாகாது.

ஓர் இடம், மூன்று மாதம்

இந்த ஊரின் அமைப்பை ஒருமுறை வரைபடத்தில் பாருங்கள். நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்தில் நிற்கிறது. கிழக்கே டச்சுக்குடாவும் திறந்த கடலும், மேற்கே உட்துறைமுகம். ஆகையால் காலையில் சூரியன் ஒரு பக்கத்து நீரிலிருந்து எழுந்து, மாலையில் மறுபக்கத்து நீருக்கு அப்பாலுள்ள குன்றுகளின் பின்னால் இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தூரங்கூட இல்லை. வேறு ஊர்களில் இதற்காக ஒருநாள் லீவு போடவேண்டியிருக்கும்.

நிலாவெளி, புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று, குச்சவெளி, மூதூர் என்று விடுமுறைக்கு ஒன்றாக ஓடத் தோன்றும். முதல் மூன்று மாதத்துக்கு அதை ஒத்திவைத்து, நீங்கள் தினமும் கடக்கிற ஓர் இடத்தை மட்டும் தெரிவுசெய்யுங்கள். நான் தெரிவுசெய்தது டச்சுக்குடாக் கரை. கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருபவருக்கு 2009இல் திறக்கப்பட்ட பாலமே போதும். உவர்மலையில் குடியிருப்பவருக்கு உட்துறைமுக வீதி இருக்கிறது. சீனக்குடாப் பக்கம் வேலை செய்பவர் மாலையில் ரயில் பாதையோரமாக வருகிற வெயிலைப் பார்க்கலாம்.

ஒரே இடம் சலிப்பூட்டாதா என்று கேட்பார்கள். ஜூன் மாதத்தில் டச்சுக்குடாக் கரையில் நின்றால் சூரியன் கிழக்குக்கு வடக்கே, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பக்கம் நெருங்கி எழும். டிசம்பரில் அதே இடத்தில் நின்றால் மலையை விட்டு வெகுவாக விலகித் தெற்கே சரிந்துவிடும். மலையின் பாறைமுகத்தில் வெளிச்சம் விழும் கோணமும் அதோடு மாறும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் குடா கண்ணாடித் தகடுபோலக் கிடக்கும். வடகிழக்கு வாடை தொடங்கினால் அதே நீர் மண்ணிறமாகி வீதிவரை உப்புத் துளியை வீசும். அந்த மலையடிக் கடலுக்குள் 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார்கள். நான் எட்டு ஆண்டுகளாக நீர்மட்டத்துக்கு மேலே மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவே இன்னும் முடியவில்லை.

கையில் இருக்கும் போனில் தொடங்குங்கள்

முதல் மூன்று மாதத்துக்குக் கைத்தொலைபேசியே போதும். அதைப் பயன்படுத்துவதில் நான்கு பழக்கங்களை உறுதியாக ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவேண்டும். கடற்கரை ஊரில் அதன்மேல் எப்போதும் ஓர் உப்புப் படலம் இருக்கும், படங்கள் புகைமூட்டமாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அமைப்புகளில் கட்டக்கோடுகளைத் திறந்துவைத்தால் கடலின் விளிம்பு சரிந்துபோகாது. விரல்களால் விரித்துப் பெரிதாக்காமல் காலால் நடந்து கிட்டப் போகவேண்டும். திரையில் முக்கியமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் குவியமும் வெளிச்சமும் அங்கேயே பூட்டப்படும்; பின் விரலை மேலோ கீழோ நகர்த்தினால் படம் வெளிச்சமாகும் அல்லது இருளும்.

இந்த நான்காவது பழக்கத்தை விடியற்காலையில் செய்துபார்த்தால் உடனே விளங்கும். கடலையும் வானத்தையும் போனின் போக்கிலேயே எடுத்தால், போன் எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சமாக்க முயன்று, செவ்வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வானத்தில் சூரியனுக்குச் சற்றுத் தள்ளி விரலை வைத்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். வள்ளமும் அதன்மேல் நிற்பவரும் கருநிழலாகி, வானம் நீங்கள் கண்ணால் கண்ட நிறத்துக்குத் திரும்பிவிடும்.

கருவி போதாது, இடம் போதாது, வயது போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு நான் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரனைச் சொல்வது வழக்கம். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு அவர் தொடங்கினார். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும், கண்ணாடி போட்ட கோழிக்கூட்டைப் படம்பிடிக்கும் கூடமாகவும் மாற்றிக்கொண்டார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நம்மிடம் கோழிக்கூடு இல்லாவிட்டாலும், சமையலறை யன்னலோரம் இருக்கிறது.

வாரத்துக்கு ஓர் அமைப்பு மட்டும்

பல போன்களில் புரோ என்ற முறையொன்று உண்டு. அதிலும் கமராவிலும் மூன்று சொற்கள்தான் வரும். சட்டர் வேகம் என்பது வெளிச்சம் உள்ளே வருகிற நேரத்தின் அளவு. எஃப் எண் என்பது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு. எண் சிறிதானால் துவாரம் பெரிது, பின்புலம் மங்கும். பெரும்பாலான போன்களில் இந்தத் துவாரத்தை மாற்றமுடியாது, ஆகவே இதைக் கமரா வரும்வரை விட்டுவிடலாம். ஐஎஸ்ஓ என்பது வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்ற கணக்கு. கூட்டினால் படத்தில் குருணை தெரியும். மூன்றையும் ஒரே நாளில் விளங்கிக்கொள்ள முயலாமல், வாரத்துக்கு ஒன்றாக, தெரிவுசெய்த அதே இடத்தில் பழகுங்கள்.

சட்டர் வேகத்தைப் பழகுவதற்குக் கரைவலை இழுப்பதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டு வரிசையாக நின்று, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, கயிற்றை இடுப்போடு சேர்த்து ஓரடி ஓரடியாகப் பின்வாங்குவார்கள். செக்கனின் 500இல் ஒரு பங்கில் எடுத்தால் கயிற்றிலிருந்து தெறிக்கிற நீர்த்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். 15இல் ஒரு பங்கில், கையை அசைக்காமல் எடுத்தால், மணலில் ஊன்றிய குதிகால்கள் தெளிவாகவும், கைகளும் கயிறும் இழுபட்டும் வரும். முதற் படத்தில் நீரும், இரண்டாவதில் பாரமும் தெரிகின்றன. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஆனால் பத்து எடுத்தால் ஒன்றுதான் தேறும். கையில் பிடித்து எடுக்கும்போது, சாதாரணமாக லென்ஸின் மில்லிமீற்றர் எண்ணைவிடச் சட்டர் எண் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்: 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கு 50இல் ஒரு பங்கு, 200க்கு 200இல் ஒரு பங்கு.

வெளிச்சத்தை அளக்கும் பாடத்துக்குப் பிரட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் மரநிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்கள் உதவும். நிழலில் மானும் பின்னால் வெயிலுமாக இருந்தால் மான் கருத்துப்போகும். அப்போது வெளிச்ச ஈடுசெய்தல் என்ற அமைப்பை ஒரு படி கூட்டவேண்டும். மான்களைக் கிட்ட வரவழைப்பதற்குப் பாணும் பிஸ்கற்றும் போடுகிறவர்களை அங்கே தினமும் காணலாம். பையோடு சேர்த்து விழுங்குகிற மானைப் பார்த்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள்.

போயா நிலவு

வேலை செய்பவர்களுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மிகப்பெரிய வாய்ப்பு, ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை நாள் என்பதே. கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு அதிலும் ஒரு தனிச்சலுகை உண்டு. பூரண நிலவு, சூரியன் மறையும் வேளையை ஒட்டிக் கடலிலிருந்து நேரே எழும். ஆனால் பெரும்பாலானோர் நிலவு நன்றாக மேலேறி வானம் இருண்ட பிறகு எடுத்து, கறுப்புத் துணியில் ஒட்டிய வெள்ளைப் பொட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார்கள்.

நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழுகிறது. அதனால் பூரணைக்கு முதல்நாள் மாலையில், சூரியன் மறைவதற்கு முன்பே, வானத்தில் இன்னும் நீலமும் இளஞ்சிவப்பும் இருக்கும்போதே அது கடலுக்கு மேலே வந்துவிடும். நிலவும் வள்ளங்களும் மலையும் ஒரே படத்தில் ஒருசேரத் தெரிவது அந்த அரை மணித்தியாலத்தில்தான். நாலேகாலுக்கு அலுவலகம் விட்டால் தேநீர் குடித்துவிட்டுப் போவதற்குக்கூட நேரம் இருக்கும். நாட்காட்டியில் குறித்த போயா தினமும் வானத்துப் பூரணையும் சிலவேளை ஒருநாள் விலகுவதுண்டு. ஆகவே நிலவு எழும் நேரத்தைச் செயலியிலோ பஞ்சாங்கத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். திசையையும் பாருங்கள்: பூரணை நிலவு சூரியனுக்கு எதிர்நிலையில் இருப்பதால், ஜூனில் தென்கிழக்காகவும் டிசம்பரில் வடகிழக்காகவும் எழும்.

நிலவு என்பது வெயிலில் கிடக்கும் ஒரு கல். அதனால் இரவுக்குரிய அமைப்பு அதற்குப் பொருந்தாது. கமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 125இல் ஒரு பங்கு என்று தொடங்கி, தொடுவானத்துக்குக் கிட்ட இருக்கும்போது மங்கலாகத் தெரிந்தால் 60இல் ஒரு பங்குக்கு இறக்கிப் பாருங்கள். போனில் நிலவின்மேல் விரலை வைத்துப் பூட்டி, அதன் முகத்தில் கறைகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். போனில் நிலவு சிறிதாகத்தான் வரும். அதைப் பெரிதாக்க முயலாமல், முன்னால் ஒரு தென்னையையோ வள்ளத்தையோ வைத்துப் படத்தை அமைப்பதே நல்லது.

மனிதர்களும் தடைகளும்

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படைக்குரியது. சோதனைச்சாவடி, முகாம், காவலில் நிற்பவர், கடற்படைக் கப்பல் எதையும் எடுக்கவேண்டாம். தவறுதலாக எடுத்துவிட்டதாக அங்கே நிற்பவர் சொன்னால் மரியாதையாக அழித்துக் காட்டிவிடுங்கள். கோணேசர் கோயிலின் உள்ளே படம் எடுப்பதில்லை. வெளிப்பிரகாரத்திலும் கும்பிடுகிறவருக்கு முன்னால் போய் நிற்கவேண்டாம். ட்ரோன் பறக்கவிட விரும்புபவர் முதலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவையும் அனுமதியையும் பெறவேண்டும்.

மனிதர்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள். இது மூன்று சமூகங்களும் அடுத்தடுத்து வாழும் மாவட்டம். படம் எடுக்கலாமா என்ற ஒரு வாக்கியத்தைச் சிங்களத்திலும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் எடுப்பதற்குத் தலையசைவு மட்டும் போதாது, வாயால் சொன்ன சம்மதம் வேண்டும். பிள்ளையென்றால் பெற்றவரின் சம்மதம்.

கரைவலைக்காரர்களை நான் ஆறேழு மாதம், காலை வணக்கத்துக்கு மேல் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, ஒவ்வொரு கிழமையும் வந்து எடுக்கிறீங்கள். ஒரு படமாவது எங்களுக்குக் காட்டினீங்களா?” எனக்கு முகம் சுட்டது. அடுத்த கிழமை பதினைந்து படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொண்டுபோனேன். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி அவற்றைச் சீட்டுக்கட்டுபோல விரித்து, ஒவ்வொன்றாக உரியவருக்குக் கொடுத்தார். ஒரு படத்தைப் பார்த்து, வலையின் மடிப்பகுதி கரைக்கு வரும் நேரத்தில்தான் நீங்கள் எப்போதும் அலுவலகத்துக்குப் போய்விடுகிறீர்கள் என்று சொன்னார். உண்மைதான்; மீன் நிறைந்த வலை என்னிடம் ஒரு படத்திலும் இல்லை. அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்கினேன். அச்சுப்படம் கொடுப்பதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

அலுவலகத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் படம் எடுப்பது தெரிந்தவுடன், மகளின் சாமத்திய வீட்டுக்கு “சும்மா நாலு படம்” எடுத்துத் தரும்படி யாரேனும் கேட்பார்கள். அந்த நாலு படம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணிக்கு முடியும். விருந்தினராகப் போய் நாலு படம் எடுத்துக் கொடுங்கள், பொறுப்பை ஏற்கவேண்டாம். பணம் வாங்கி எடுப்பதானால், அரச ஊழியர் வெளிவேலைக்கு முன்னனுமதி பெறவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

தெரிவும் சேமிப்பும்

எடுத்த அன்றே எதையும் அழிக்கவேண்டாம். ஒரு கிழமை கழித்து, களைப்பில்லாத ஓர் இரவில் உட்கார்ந்து பாருங்கள். மாதத்துக்குப் பத்துப் படம் என்று எல்லை வைத்து, மிஞ்சியவற்றை வேறோர் உறைக்குள் தள்ளிவிடுங்கள். பத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், நீங்கள் அறியாமலே செய்கிற பிழை தெரிந்துவிடும். என் முதல் ஆண்டுப் படங்களில் எல்லா மனிதரும் நட்டநடுவில் நின்றார்கள். திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலி போதுமானது. வெட்டுதல், நேராக்குதல், வெளிச்சம், நிறச்சமன் ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் முதல் ஆண்டில் தொடவேண்டாம். கூகிள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் சேர்த்தே என்பதால் விரைவில் நிரம்பும். தெரிந்தெடுத்த படங்களை அங்கேயும், எல்லாவற்றையும் ஒரு வெளி ஹாட் டிஸ்க்கிலும் வையுங்கள்.

மாரி மாதங்களில் வேறு கலைகள்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் செவ்வாய்க் காலைகள் பல கைவிட்டுப்போகும். அந்த மாதங்களை வேறொரு சிறு கலைக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும். எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் கோட்டோவியம் வரைகிறார். பென்சிலும் உள்ளங்கை அகலக் கொப்பியுந்தான் அவரது கருவிகள். ஒரு நாள் தண்ணீர்ப் போத்தல், மறுநாள் மேசைமேல் கிடக்கும் முத்திரை, அதற்கடுத்த நாள் யன்னலுக்கு வெளியே வேப்பமரம். அவரைப் பார்த்து நானும் இரண்டு மாரி வரைந்தேன். என் படங்கள் காட்டக்கூடியவை அல்ல. ஆனாலும் ஒரு வள்ளத்தின் முன்முனையான அணியம் எப்படி வளைகிறது என்பதைப் பத்து நிமிடம் பார்த்து வரைந்தபின், அதைக் கமராவில் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும் என்ற சந்தேகம் எனக்கு வந்ததில்லை.

எழுத்தில் விருப்பமுள்ளவர் தெரிந்தெடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி எழுதலாம்: எந்த நாள், எந்தக் காற்று, யார், என்ன மீன், என்ன விலை. ஒலியில் விருப்பமுள்ளவர் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டை, சம்மதம் கேட்டு, போனில் பதிவுசெய்யலாம். காற்று இரைச்சலைக் குறைக்க, முதுகைக் காற்றுக்குக் காட்டி, போனை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்துக் கமரா

மூன்று மாதம் கழிந்தும் செவ்வாய்க் காலை எழும்ப முடிகிறது என்றால் கமரா வாங்கலாம். தவணைக்கு வாங்கவேண்டாம், பாவித்த கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் புதியவருக்குத் தாராளம். பாவித்ததை வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். லென்ஸின் ஒரு பக்கத்தில் ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சி மறுபக்கத்தால் பார்த்தால், பூஞ்சணம் இருந்தால் சிலந்திவலைபோல நூல்நூலாகத் தெரியும். எஃப் 16இல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துத் திரையில் பெரிதாக்கினால், சென்சரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணையும் கேளுங்கள். கடற்கரை மணலில் நின்று லென்ஸ் மாற்றவேண்டாம். வீட்டில் எந்த லென்ஸைப் பூட்டினீர்களோ அதோடேயே திரும்பிவாருங்கள்.

உப்பும் பூஞ்சணமும்

என் முதல் லென்ஸை நான் நவம்பர் மழையில் இழந்தேன். மழைக்கு என்ன கமரா என்று பைக்குள் வைத்து, பையை அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, தைப்பொங்கலுக்குத்தான் எடுத்தேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பனித்திரைபோல ஒன்று படர்ந்திருந்தது. துடைத்தேன், போகவில்லை, அது உள்ளே இருந்தது. திருத்துவதற்கு ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் இரண்டு மாதம் வைத்திருந்து, பூஞ்சணத்தோடு கண்ணாடியின் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வெயிலுக்கு எதிரே பிடித்தால் இன்றும் அது ஒரு பால்வெள்ளை வட்டத்தைக் காட்டும்.

ஆகவே கமரா வாங்கிய அன்றே, ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றையும் வாங்குங்கள். அதற்குள் சிலிக்கா ஜெல் பைகளையும் ஒரு சிறிய ஈரப்பத மானியையும் வைத்து, எண் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் குடித்தவுடன் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைக்கும். நீலநிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், செம்மஞ்சள் நிறத்தில் வருவதை வாங்குவது நல்லது. எதுவானாலும் சமையல் சட்டியில் வறுத்து உலர்த்தவேண்டாம். கடற்கரையிலிருந்து திரும்பியதும், பெட்டிக்குள் வைப்பதற்கு முன், மெல்லிய துணியைச் சிறிதளவு நல்ல தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கமராவின் வெளியுடலைத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்து நாலு படம் எடுப்பது லென்ஸுக்கும் நல்லது.

பெட்டியைத் திறந்து மானியைப் பார்ப்பதற்கு நான் தனியாக ஒரு நாள் குறிக்கவில்லை, குறித்திருந்தால் மறந்திருப்பேன். அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கிற அன்று இரவு வீட்டுக்கு வந்ததும், முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திறக்கிறேன்.